குகை வாசல் நடைபிணம்

"வாளை வீசுங்க அத்தை. அந்த நடைபிணம் உங்களைக் கடிச்சுத் தின்னுது," என்றாள் மருமகள்.

"தின்னட்டும்மா."

திரையில் வீரன் செத்து விழுந்தான். மாமியார் மறுபடியும் குகை வாசலிலிருந்து விளையாட்டைத் தொடங்கினாள்.

"இந்த விளையாட்டோட எல்லாப் பாகத்திலயும் இதே நடைபிணம்தான் வருது. ஒருதடவைகூட நீங்க கொல்லலை. குடுங்க இப்படி."

மருமகள் ஒரே வெட்டு வெட்டினாள். உறுமல் நின்றது. அறையே அடங்கிப்போனது.

மாமியார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் மாமா இந்த விளையாட்டைச் செஞ்ச கம்பெனியில ஒலிப்பதிவாளரா இருந்தார். இந்த நடைபிணத்துக்கு உறும வேண்டிய ஆள் வரலைன்னு அவரே உறுமிக் குடுத்தார். அதையே எல்லாப் பாகத்திலயும் போட்டுட்டாங்க. ஊரார் குரலையெல்லாம் பதிவு பண்ணின மனுஷன், தன் குரலை இதுல மட்டும்தான் விட்டுட்டுப் போயிருக்கார்."

மருமகள் விளையாட்டுக் கருவியை மாமியாரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"வெட்டினா சட்டுனு போயிடுறார்மா. கடிக்க விட்டா, இன்னும் கொஞ்ச நேரம் இருப்பார்."