இரண்டு தெரு தள்ளி

"இஞ்சையே விட்டிட்டு நடப்பம் தம்பி. கராஜ் முத்தத்திலை இடம் இராது" என்று பத்திநாதர் தன் வெள்ளைக் காரை இரண்டு தெரு தள்ளியே ஓரங்கட்டினார். மகள் வாங்கிக் கொடுத்த காராம். புது வாசனைகூட இன்னும் போகவில்லை. அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கலைமாறனும் இறங்கி நடந்தான்.

பாரிசுக்கு வந்த மூன்று வருடமாக அவன் அப்படித்தான். வன்னியிலிருந்து வெறுங்கையோடு வந்தவனுக்கு நகருக்கு வெளியே கூசேன்வில்லில் அறை பிடித்துக் கொடுத்ததும், விமான நிலையத்தில் துப்புரவு வேலைக்குச் சொல்லிவிட்டதும் பத்திநாதர்தான். தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் யாருக்குப் பிரெஞ்சில் கடிதம் வந்தாலும், அது முதலில் போய்ச் சேருவது அவருடைய மூக்குக்கண்ணாடிக்கு. கலைமாறன் ஒரு பழைய கார் வாங்கியபோது அவன் கையில் விசா இல்லை. "என்ரை பேரிலை பதிவம், பிறகு மாத்துவம்" என்று தன் பெயரையே தூக்கிக் கொடுத்தார்.

அந்தக் காரால்தான் இப்போது வினை. இந்த மொடலில் எயர்பாக் என்கிற காற்றுப்பை வெடித்து இரும்புத் துண்டை முகத்தில் அடிக்கலாம், உடனே ஓடுவதை நிறுத்துங்கள், இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று கம்பனி எல்லோருக்கும் கடிதம் போட்டிருக்கிறதாம். கூட வேலை செய்பவர் கைபேசியில் காட்டித்தான் கலைமாறனுக்கே தெரியும். அவனுக்கு ஒரு கடிதமும் வரவில்லை. எட்டு மாத வயிற்றோடு அவன் மனைவி வசந்தரூபி இத்தனை நாளும் அந்த முன் சீற்றில்தான் இருந்து வந்தாள்.

நேற்றே காரைக் கொண்டுவந்து கம்பனியின் இந்தக் கராஜில் விட்டான். அவன் பேசிய பிரெஞ்சு அவர்களுக்கு விளங்கவில்லை; அவர்கள் பேசியதில் பதிவுக்காரர் நேரில் வரவேண்டும் என்பது மட்டும் அவனுக்கு விளங்கியது. தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றுதான் பத்திநாதர் முதலில் சொன்னார். கலைமாறன் விடவில்லை. நாலு கேள்வி நேரே கேட்காமல் அவனுக்கு ஆறாது.

கராஜ் முற்றம் பாதிக்கு மேல் வெறுமையாகக் கிடந்தது.

"இருக்க ஒரு கதிரைகூட இல்லை. இவங்கள் என்ன கராஜ் நடத்துறாங்கள்" என்று உள்ளே போனதும் கலைமாறன் முணுமுணுத்தான். உயர்த்தி நிறுத்திய காரின் கீழே வேலை செய்துகொண்டிருந்த நரைமீசை மெக்கானிக், காலாலேயே ஒரு ஸ்டூலை அவன் பக்கம் தள்ளிவிட்டார். சட்டையில் அந்துவான் என்று பெயர் தைத்திருந்தது. எந்தப் பிரெஞ்சுத் தீவுக்காரனோ, நல்ல மனிதன் என்று கலைமாறன் உட்கார்ந்தான்.

மேசைக்குப் பின்னால் இருந்த பொறுப்பாளர் மர்கரீத், பத்திநாதரைக் கண்டதுமே கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பொரிந்து தள்ளினாள். மூச்சு விடாமல் மூன்று நிமிடம்.

"என்னவாம் அண்ணை?"

"கடிதம் போடேலையாம். தங்கடை பிழைதானாம். மன்னிப்புக் கேக்கிறா."

அது மன்னிப்புக் கேட்கிற முகமாகத் தெரியவில்லை. இந்த ஊரில் மன்னிப்பே அப்படித்தான் கேட்பார்களோ என்னவோ.

"போடேலையெண்டு சொன்னால் முடிஞ்சுதோ? என்ரை மனிசிக்கும் பிள்ளைக்கும் ஏதும் நடந்திருந்தால்? கேளுங்கோ அண்ணை. நான் பாவனையாளர் சங்கத்திலை முறைப்பாடு குடுப்பன்."

பத்திநாதர் அவளிடம் இரண்டே சொல் சொன்னார். பிறகு இவன் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "முறைப்பாடெண்டால் எல்லாத்தையும் தோண்டுவங்கள் தம்பி. கார் ஆற்றை பேரிலை, ஓடினது ஆர், உன்ரை விசா என்ன எண்டு கேப்பங்கள். சும்மா மாத்தித் தாறாங்கள்தானே. விடு."

கலைமாறனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏமாந்ததைவிட, ஏமாற்றியவர்களிடம் வாயை மூடிக்கொண்டு திரும்ப வேண்டியிருப்பதுதான் அவனைச் சுட்டது. இவ்வளவு பெரிய கம்பனிக்கு வசந்தரூபியின் உயிர் ஒரு முத்திரைக் காசு பெறவில்லை. "நீங்கள் மட்டும் இல்லாட்டி, அண்ணை" என்று பத்திநாதரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

மர்கரீத் மேசையில் தட்டிவிட்டு பத்திநாதரிடம் உள்ளங்கையை நீட்டினாள்.

"காருக்குள்ளை ஒரு பேப்பரை விட்டிட்டு வந்திட்டன். எடுத்துக்கொண்டு வாறன், இரு" என்று பத்திநாதர் வெளியே போனார்.

அவர் தலை மறைந்ததும் மெக்கானிக் துணியில் கையைத் துடைத்தபடி கிட்ட வந்தார்.

"நான் பாண்டிச்சேரி, தம்பி. வந்ததுலேருந்து கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். அந்தம்மா சொன்னது வேற."

கலைமாறன் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டான்.

"கடுதாசி மூணு போச்சு. மூணையும் அவருதான் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்காரு. இந்த வண்டி ஓடாம நிக்குதுன்னு எழுதியும் குடுத்திருக்காரு."

"அவர் ஏன் எனக்கு மறைக்கப் போறார்? இதிலை அவருக்கு என்ன கிடைக்கப் போகுது?"

அந்துவான் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தார்.

"இது சரியாகுற வரைக்கும் ஓட்டிக்கச் சொல்லி, பிப்ரவரியிலேயே ஒரு வெள்ளை வண்டி குடுத்தோமே, தம்பி."