இடம் மாறிய தட்டுகள்

உஸ்பெகிஸ்தானின் கோக்கந்த் நகரக் கல்லூரியில் வரலாற்று மாணவர்களுக்கான இயற்பியல் வகுப்பு. மேசைமேல் எங்கள் கடைத் தராசு நிற்கிறது. யாராவது வீட்டிலிருந்து தராசு கொண்டுவர முடியுமா என்று ஆசிரியை சயோரா கேட்டபோது, "அப்பாவோட தராசு தங்கம் டீச்சர்" என்று முந்திக்கொண்டவன் நான்தான். ஜன்னல் வெயில் பித்தளைத் தட்டுகளில் பட்டுக் கூரையில் இரண்டு வட்டங்களாக நடுங்குகிறது. இடத்தட்டில் ஒரு கிலோ படிக்கல். வலத்தட்டில் எங்கள் கடை உலர்திராட்சை. முள் நடுவில் அசையாமல் நிற்கிறது. "இப்போ ரெண்டையும் இடம் மாத்துங்க" என்கிறார் சயோரா. என் பக்கத்தில் உட்காரும் தில்முரோத் எழுந்துபோய் மாற்றி வைக்கிறான். படிக்கல் டங்கென்று இறங்குகிறது. திராட்சை மேலே ஏறிக்கொள்கிறது.

"காத்தடிச்சிருக்கும் டீச்சர்" என்கிறேன். "ஜன்னல் சாத்தித்தான்டா இருக்கு" என்று பின்வரிசை சிரிக்கிறது. சயோரா அளவுகோல் வைக்கிறார். தண்டில் படிக்கல் முதலில் இருந்த பக்கம் பதினெட்டு சென்டிமீட்டர், திராட்சை இருந்த பக்கம் இருபது. "நீளமான பக்கத்துல குறைஞ்ச எடை வெச்சாலே போதும், சமமா நிக்கும்" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்துகிறார். "பழசு இல்லையா, வளைஞ்சிருக்கும்." தில்முரோத்தின் விரல், தட்டு தொங்கும் கொக்கிக்காக அரத்தால் புதிதாக வெட்டிய பள்ளத்தின்மேல் நிற்கிறது. "எங்கம்மா உங்க கடையிலதான்டா வாங்குது" என்கிறான் மெதுவாக. திட்டியிருந்தால் தேவலை. பஜாரில் எல்லோருடைய தில்லுமுல்லும் எனக்கு அத்துப்படி. அப்பாவுடையது மட்டும் தெரியாது. காது மடல் கொதிக்கிறது. "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்கிறார் சயோரா, மேசையைப் பார்த்தபடி. வருடம் முழுக்க இயற்பியலில் ஒரு வரிகூட விளங்காத முப்பது பேரும் ஒரே குரலில் சொல்கிறார்கள்: "நல்லாப் புரிஞ்சுது டீச்சர்."