நைரோபி வழி

இதை எழுதும் தகுதி எனக்கு உண்டா என்று அறியேன். துணிந்துவிட்டேன்; வாசிப்போர் பொறுத்தருள வேண்டுகிறேன்.

அவர் நேர் விமானத்தைப் பார்த்தார்.

லுசாகாவில் காலை ஆறு மணிக்குப் புறப்பாடு. அடிஸ் அபாபாவில் பதினொன்றரைக்கு இறக்கம். இருக்கைகள் ஏராளம்.

பிறகு நைரோபி வழியாகச் செல்லும் விமானத்தைப் பார்த்தார்.

இடையில் நான்கு மணி நேரக் காத்திருப்பு. இறக்கம் மாலை நாலரை.

மேசைமேல் மனைவியின் கைப்பேசி இருந்தது. காலையில் அவளே கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். “ஸ்டான்லிக்கு எந்த நேரம் தோதுப்படும்னு பாத்து எனக்கு டிக்கெட் போடுங்க.”

ஸ்டான்லியின் செய்தி திரையில் திறந்தே கிடந்தது.

“எனக்கு மூணுல இருந்து ஏழு வரை கிளாஸ் உண்டு. மத்த நேரம் எப்ப வந்தாலும் நானே காரோட வந்து நிப்பேன் பிள்ள.”

பிள்ள.

நாகர்கோவில் கல்லூரியில் அவளும் அவனும் மூன்றாண்டுகள் ஒரே வகுப்பு. இப்போது அடிஸ் அபாபாவில் பேராசிரியர். சுகிர்தா அவனை ‘நீ’ என்பாள். ‘போடா’ என்பாள். அவனோடு தொலைபேசியில் பேசும்போது அவள் சிரிப்பது அடுத்த அறைக்குக் கேட்கும்.

கணவரை அவள் ‘நீங்க’ என்பாள். பத்தொன்பது ஆண்டுகளாக.

மரியாதையில் குறை சொல்ல முடியாது. அதுதான் அவருக்கு ஆற்றாமையாக இருந்தது.

நேர் விமானத்தில் அவள் போனால், பதினொன்றரைக்கு அவன் வாசலில் நிற்பான். பெட்டியை வாங்கிக்கொள்வான். முன் இருக்கைக் கதவைத் திறந்துவிடுவான். அந்தக் கதவு சாத்தப்படும் ஓசைகூட அவருக்குக் கேட்டது.

நாலரைக்கு அவன் வகுப்பில் இருப்பான்.

நைரோபி வழிச் சீட்டை எடுத்தார்.

மாலையில் அவள் அச்சிட்ட தாளை வாசித்தாள்.

“நாலு மணி நேரம் நைரோபில சும்மா இருக்கணுமா? நேரா போறதுல இல்லையா?”

“அதுல எடம் இல்ல, சுகிர்தா.”

“அப்ப சரி. நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும்.”

அவள் மறு கேள்வி கேட்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் பிறர் தரும் ஒவ்வோர் எண்ணையும் இரு முறை சரிபார்ப்பவள் அவள். மலேரியாப் பரிசோதனை குறித்து அவள் எழுதிய கட்டுரையை வாசிக்கத்தான் அடிஸ் அபாபாவுக்கு அழைத்திருந்தார்கள்.

அவர் இன்னொரு தாளும் தயாரித்திருந்தார். மருந்தாளுநர் அல்லவா, எதையும் வேளை பிரித்து எழுதித்தான் பழக்கம்.

ஒன்று, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையைக் கடவுச்சீட்டுக்குள் வைத்துக் காட்டவும். இரண்டு, பெட்டி வந்த பின்னரே வெளியேறவும். மூன்று, விடுதியின் வண்டி வரும். ஓட்டுநர் பெயர்ப் பலகை வைத்திருப்பார். நான்கு, வேறு யாரையும் சிரமப்படுத்த வேண்டாம்.

நான்காவதை வாசித்தபோது அவள் சிரித்தாள். “என்னப் பொண்ணு பாக்க வந்தப்பகூட நீங்க இவ்வளவு தயார் பண்ணிட்டு வரல்ல.”

அவரும் சிரித்தார்.

பயண நாள். மருத்துவமனை மருந்தகத்தில் வரிசை நீண்டிருந்தது. அவர் ஒரு கண்ணை மாத்திரைகளிலும் ஒரு கண்ணைக் கடிகாரத்திலும் வைத்திருந்தார். அங்கே இப்போது மணி ஐந்து. அவன் கரும்பலகை முன் நிற்பான். இவள் விடுதி வண்டியில் ஏறியிருப்பாள்.

நெஞ்சுக்குள் சின்னதாய் ஒரு குளிர்ச்சி.

அந்த ஊர் ஐந்து பத்துக்கு அழைப்பு வந்தது.

“வந்துட்டேன். ஸ்டான்லி வந்திருக்கான். ஹோட்டல் வண்டிய அனுப்பிட்டோம்.”

அவர் மாத்திரைத் தட்டைக் கீழே வைத்தார்.

“அவருக்கு ஏழு மணி வரை கிளாஸ் இருக்கணுமே.”

“நானும் அதத்தான் கேட்டேன். இங்க விடியக்காலம் ஆறு மணியத்தான் பூஜ்யமா வச்சு எண்ணுவாங்களாம். நம்ம ஒம்பது மணி இவங்களுக்கு மூணு. நம்ம ஒரு மணி இவங்களுக்கு ஏழு. இவனும் இத்தன வருசத்துல அப்படியே பழகிட்டான். மத்தியானமே கிளாஸ் முடிஞ்சாச்சு.”

அவளுக்குப் பின்னாலிருந்து ஸ்டான்லியின் குரல்.

“நீ நேரா வந்திருந்தேன்னா நான் கிளாஸ்ல மாட்டியிருப்பேன் பிள்ள. டாக்ஸிலதான் போயிருப்ப. ஏன் சுத்தி வந்த? எங்க காலேஜ் ஆளு ஒருத்தன் இன்னிக்கு நேர் பிளைட்டுலதான் லுசாகால இருந்து வந்தான். பாதி சீட்டு காலியாம்.”



கார்க் கதவு சாத்தும் ஓசை கேட்டது. அவர் நினைத்திருந்ததைவிட மெதுவான ஓசை.

“கேக்குதா?” என்றார் அவர்.

“கேக்குது.”

வரிசையில் நின்ற அம்மையார் ஒருவர் தமது மருந்துச் சீட்டை மெல்ல அவர் பக்கம் நகர்த்தினார்.

“நேரத்துக்குச் சாப்பிடுங்க,” என்றாள் சுகிர்தா. குரலில் கோபம் இல்லை. அலுவலகத்தில் பேசும் குரல். “பிறகு, ரிட்டர்ன் டிக்கெட் நீங்க எடுக்க வேண்டாம். நானே பாத்து எடுத்துக்கிறேன்.”

அதை அன்று மாலை எடுப்பதாக இருந்தார்.

இழந்தவை இவ்வளவே.

அவளுடைய ஐந்து மணி நேரம். நைரோபியில் ஒரு மதிய உணவு, பாதி மீந்தது. மறுநாள் வாசிக்க வேண்டிய கட்டுரையை ஒரு முறை பார்த்துக்கொள்ள இருந்த பகல் பொழுது.

அவர் சொன்னால் அப்படியே ஏற்றுக்கொள்ளும் ஒருவர். அப்படி ஒரே ஒருவர்தான் அவருக்கு இருந்தார்.