இடப்பக்கக் கட்டங்கள்

மக்கள்தொகைப் பாடத்துக்காகப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஆளுக்குப் பத்து வீடு கணக்கெடுத்து வரச் சொல்லியிருந்தார் எஸ்தர் டீச்சர். கிராஃப் தாளில் ஓர் ஆளுக்கு ஒரு கட்டம். இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள். கீழிருந்து மேலாக வயது. ஆறு மாதத்துக்கு மேல் ஊரில் இல்லாதவரைச் சேர்க்கக் கூடாது.

முபீனாவின் தாளில் இருபதிலிருந்து ஐம்பது வரை இடப்பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. மற்ற தாள்களிலும் அப்படித்தான். டீச்சர் திருத்திக்கொண்டே வந்தார். முபீனா தாளோரம் எழுதியிருந்த வீட்டுப் பட்டியலில் ஏழாவது வீடு அவருடையது. இரண்டு பேர் என்றிருந்தது.

"எங்க வீட்டுக்கு எப்பப் போன?"

"சனிக்கிழமை. நீங்க கடைக்குப் போயிருந்தீங்க. உங்க மாமியார்தான் இருந்தாங்க டீச்சர்."

"ஆறு மாசக் கணக்கை அவங்ககிட்ட சொன்னியா?"

"இல்ல டீச்சர். வீட்டுல எத்தனை பேருன்னுதான் கேட்டேன். நானும் மருமகளும்னாங்க."

மாமியாரின் மகன், டீச்சரின் கணவர், கத்தாருக்குப் போய் ஒன்பது வருடமாகிறது. வெள்ளிக்கிழமைதோறும் அவனோடு வீடியோவில் பேசிவிட்டு, வந்துவிடுவான் என்று தெருவெல்லாம் சொல்கிறவர் மாமியார்.

"தப்பா டீச்சர்?"

"சரிதான்."

டீச்சரின் சிவப்புப் பேனா நாற்பது வயதுக்கு நேரே, ஒரு வெள்ளைக் கட்டத்தின் மேல் நின்றிருந்தது. எடுத்தபோது அங்கே ஒரு புள்ளி விழுந்திருந்தது. பத்துக்குப் பத்து போட்டுத் தாளைக் கொடுத்தார்.

முபீனா தாளைப் பார்த்தாள்.

"இந்தப் புள்ளிய ஒயிட்னர் வச்சு அழிச்சிரவா டீச்சர்? இல்லாட்டி ஒரு ஆள் கூடிரும்."