கடைசி மாஸ்க்

பன்றிக் காய்ச்சல் வந்த ஆகஸ்டு மாதத்தின் சாம்பல் வெளிச்சம். பெங்களூர் மர்பி டவுன் மெடிக்கல் ஷாப் வாசலில் ஜனங்கள் ஒருவரை ஒருவர் உரசி நிற்கிறார்கள். போன வாரம் ஐந்து ரூபாய்க்கு விற்ற மாஸ்க் இன்று நாற்பது. கண்ணாடி மேஜை மேல் கடைசி ஒன்று கிடக்கிறது. தோளில் தூங்கும் மகளின் சூட்டை முந்தானையால் மூடிக்கொண்டு ஷோபா கை நீட்டுகிறாள். “யாருக்கும்மா?” என்கிறார் கடைக்காரர். “எனக்குத்தாண்ணா. வேல செய்ற வூட்ல போட்டுக்கினு வரச் சொன்னாங்க.” வியர்வையில் நனைந்த நோட்டுகளை வைக்கிறாள். முந்தானைக்குள் குழந்தை இருமுகிறது. ஒரு முறை, பிறகு நிற்காமல். பின்னால் செருப்புகள் தேய்ந்து விலகும் சத்தம். கடைக்காரர் கர்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அடிஸ்கேலின் நுனியால் மாஸ்க்கையும் நோட்டுகளையும் சேர்த்தே அவள் பக்கம் தள்ளுகிறார். “காசு பேடா, வேணாம். எடுத்துக்கினு போம்மா.”