ஆமென் சொல்லும் வரை

"சார், இடிக்கிறதுக்கு முன்னாடி சின்னதா ஒரு ஜெபம் பண்ணிக்கிறேன்" என்று தபீதாள் அக்கா கேட்டபோது, இன்ஜினியர் ரத்தினம் சார் தலையாட்டியதுதான் தப்பு.

நான் ஜேசிபி மேல் உட்கார்ந்திருந்தேன். எதிரே அக்காவின் மாவுக் கடை. கிரைண்டர் இரண்டையும் வெளியே தூக்கி ரோட்டோரம் வைத்துவிட்டார்கள். அக்காவுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

கடை நிற்பது செம்பாக்கம் ஏரிக்குப் போகிற கால்வாய் மேலாம். அதே கால்வாய் மேல் இரண்டு வீடு தள்ளி ஒரு கல்யாண மண்டபமும் நிற்கிறது. அதற்கு இடிக்கிற ஆர்டர் இல்லை. ஏன் இல்லை என்று கேட்க நான் யார், வண்டி ஓட்டுகிறவன்.

இத்தனைக்கும் கோர்ட்டில் தடை கிடைத்தாகிவிட்டது. அக்காவின் மகன் எபி பேப்பரை வாங்கிக்கொண்டு பைக்கில் பல்லாவரம் வரை வந்துவிட்டான். போனில் போட்டோவும் அனுப்பியிருந்தான். ரத்தினம் சார் அதை மேலதிகாரிக்கு அனுப்பிவிட்டுப் போன் போட்டார். அந்த ஆள் கத்தியது வண்டி மேல் இருந்த எனக்கே கேட்டது.

"போட்டோவெல்லாம் ஆர்டர் இல்லய்யா. பேப்பர் கைக்கு வர்றதுக்குள்ள முடிச்சிடு."

சரி சார் என்றார் ரத்தினம் சார். அவர் எப்போதும் அப்படித்தான். மேலே இருந்து உட்கார் என்றால், கீழே நாற்காலி இருக்கிறதா என்றுகூடப் பார்க்க மாட்டார்.

அக்கா முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக் கண்ணை மூடினார்.

ராத்திரி காத்ததற்கு நன்றி சொன்னார். நியாயம். கடைக்காக வேண்டினார். அதுவும் நியாயம்.

அப்புறம் ஜெபத்துக்குள் வார்டில் இருக்கிற விதவைகள் வந்தார்கள். பத்தாவது பரீட்சை எழுதும் பிள்ளைகள் வந்தார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்கள், வடநாட்டில் ஊழியம் செய்பவர்கள், வேலை தேடுபவர்கள், வரன் அமையாதவர்கள். வண்டி ஓட்டும் தம்பியின் கைகளையும் ஆசீர்வதிக்கச் சொன்னார். எதற்கு, அவர் கடையை இடிப்பதற்கா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெயில் மண்டையைப் பிளந்தது. கான்ட்ராக்டர் கீழே நின்று பல்லைக் கடித்தான். காவலுக்கு வந்த போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நெளிந்தார். யாரும் குறுக்கே பேசவில்லை. சாமி விஷயம். அதிலும் எதிர்வீட்டு மாடியில் நாலு பேர் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சார் நினைத்திருந்தால் ஒரு வார்த்தையில் நிறுத்தியிருக்கலாம். மனுஷன் கண்ணை மூடித் தலையைக் குனிந்து நின்றார். சட்டைப்பையில் போன் அதிர்ந்து அடங்கியது, மறுபடி அதிர்ந்தது. எடுக்கவில்லை. ஆபீசுக்கும் பயம், ஜெபத்துக்கும் பயம், இவரெல்லாம் ஒரு அதிகாரி என்று நினைத்துக்கொண்டேன்.

அக்காவுக்கு வேண்ட ஆட்கள் தீர்ந்துபோனார்கள். வேண்டியவர்களுக்கே திரும்ப வேண்டினார். நடுவில் ஒரு கண்ணை மட்டும் திறந்து தெருமுனையைப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்கா பலே ஆள்.

தெருமுனையில் எபி இல்லை. அக்காவுக்குத் தொண்டை கட்டியது. இருமல் வந்தது. இருமலோடு அழுகையும் வந்தது. அதற்குமேல் முடியாமல் ஆமென் சொல்லிவிட்டுக் கிரைண்டர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாடா பாத்துகினு கீற, எறக்கு" என்றான் கான்ட்ராக்டர்.

சாவியைத் திருகினேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

சார் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். இடி என்கிறார் என்று நினைத்தேன். வண்டியை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன்.

குனிந்து ஷூவைக் கழற்றினார். ஓரமாக வைத்தார். மறுபடி கண்ணை மூடினார்.

"அன்பின் பரலோகப் பிதாவே" என்றார்.

பத்து வருஷமாக அவரோடு வேலை பார்க்கிறேன். அவரும் சர்ச்சுக்குப் போகிற ஆள் என்று எனக்கு மட்டுமல்ல, ஆபீசில் ஒருவருக்கும் தெரியாது. திக்கல் திணறல் எதுவும் இல்லை. பிறந்ததிலிருந்து சொல்லி வளர்ந்தவரின் ஜெபம். உலகத்தைப் படைத்த முதல் நாளிலிருந்து ஆரம்பித்து, நிதானமாக இரண்டாம் நாளுக்கு வந்தார்.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

நான் சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். கான்ட்ராக்டர் முறைத்தான். முறைக்கட்டும்.

பல்லாவரத்தில் எவ்வளவு டிராஃபிக்கோ. சாரும் மனுஷன்தான், அவருக்கும் ஒரு நேரத்தில் தொண்டை கட்டும்.

அதற்கப்புறம் நான் ஆரம்பிக்க வேண்டியதுதான். எங்களுக்கும் குன்றத்தூரில் முருகன் இருக்கிறார்.