கடைசிப் பங்கு

"நீங்களே வாங்கிக்குங்க, லவோன்."

"ஐயோ, வேணாம். நீங்க வாங்கிக்குங்க, டெல்பெர்ட்."

"எனக்கு எதுக்குங்க? நீங்கதானே முதல்ல கேட்டீங்க?"

"நான் சும்மா விசாரிச்சேன். நீங்க எடுத்துக்குங்க."

பெர்னி தலையில் கை வைத்துக்கொண்டார். மூன்று வாரமாக இதே கூத்து.

பெர்னிக்கு வயதாகிவிட்டது. ஊரின் ஒரே மளிகைக் கடையையும், அதன் மூலையில் நடத்தும் சாப்பாட்டுக் கடையையும் விட்டுவிட்டு மகளோடு அரிசோனாவில் போய் இருக்கப் போகிறார். கடையை மூடினால் பால் வாங்கக்கூட ஐம்பது மைல் போக வேண்டும், அதுவும் வடக்கு டகோட்டா பனியில். அதனால் ஊரே சேர்ந்து ஒரு சின்னக் கம்பெனி தொடங்கிக் கடையை வாங்குவது என்று முடிவானது. நூறு பங்கு. வீட்டுக்கு ஒன்று. தொண்ணூற்றொன்பது விற்றாகிவிட்டது.

மிச்சம் இருந்தது ஒன்று. கேட்டு வந்தவர்கள் இரண்டு பேர்.

வேறு ஊராக இருந்தால் அடிதடி நடந்திருக்கும். எங்கள் ஊரில் தட்டில் இருக்கும் கடைசித் துண்டை எடுப்பதைவிட மானங்கெட்ட வேலை கிடையாது. அதைப் பாதியாக வெட்டுவோம். அந்தப் பாதியையும் பாதியாக வெட்டுவோம். கடைசியில் அது காய்ந்து குப்பைக்குப் போகும்.

"பங்கையும் பாதியா வெட்டிக் குடுத்துடுங்களேன், பெர்னி" என்றார் தபால் ஆபீஸ் ஐரீன்.

"வெட்டினா நூத்தியோரு பேர் ஆயிடும்மா! நூறு பேரைத் தாண்டினா அந்த வரிச் சலுகை கிடையாது. சலுகை இருந்தா லாபம் நேரா நம்ம கணக்குக்கு வந்துடும், நாம மட்டும் வரி கட்டினாப் போதும். சலுகை போச்சுன்னா கம்பெனியும் கட்டணும், நாமளும் கட்டணும். ரெண்டு தடவை வரி கட்டிட்டுக் கடை நடத்தவா? ஆறே மாசத்துல மூட வேண்டியதுதான்."

பக்கத்து டவுனிலிருந்து வந்திருந்த கணக்காளர் கெண்ட்ரா கையைத் தூக்கினாள். "அது வந்து... அந்த நூறுங்கறது..."

"வந்ததுலேருந்து நீ ஒண்ணுமே சாப்பிடலையே கண்ணு" என்று லவோன் ஒரு பெரிய கூகன் கேக்கை அவள் கையில் திணித்தார். தின்று முடிக்கும்வரை அந்தப் பெண்ணால் பேச முடியவில்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாரும் கையெழுத்துப் போட்டு அனுப்பியாகணும்" என்றார் பெர்னி. "இல்லேன்னா இந்த வருஷம் சலுகை இல்லே."

அவ்வளவுதான். கடையில் கூடியிருந்த கூட்டம் கொதித்துவிட்டது.

"ரெண்டு பேரோட மரியாதையால ஊரே பட்டினி கிடக்கணுமா?"

"டெல்பெர்ட்டுக்குக் காசு எடுக்க மனசில்லே. அதான் இந்த வேஷம்."

"லவோனுக்கு என்ன கவலை? பிஸ்மார்க் சிட்டிலேருந்து பையன் எல்லாம் வாங்கிட்டு வந்து குடுத்துடுவான்."

எனக்கும் ஆத்திரம்தான். டெல்பெர்ட் கோதுமை விவசாயி, கல்யாணமே செய்துகொள்ளாதவர். லவோன் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர், கணவர் இறந்து வெகு நாளாகிறது. இருவருக்கும் மதியச் சாப்பாடு பெர்னி கடையில்தான். இவருக்கும் அவருக்கும் நடுவில் எப்போதும் ஒரு நாற்காலி காலியாக இருக்கும். அதற்கும் 'நீங்க நகர்ந்து வாங்க', 'இல்லே, நீங்க வாங்க' தான். அந்த மரியாதையை அங்கேயே வைத்துக்கொள்ளக் கூடாதா?

கெண்ட்ரா மறுபடி எழுந்தாள். "ஒரு நிமிஷம், சட்டத்துல என்ன இருக்குன்னா..."

"சட்டம் எங்கே ஓடிடப் போகுது? காபி ஆறுதும்மா" என்று டெல்பெர்ட் அவள் கோப்பையை விளிம்பு வரை ஊற்றி நிரப்பினார். அதைச் சிந்தாமல் பிடிக்க வேண்டி அவள் உட்கார்ந்துவிட்டாள்.

பெர்னி பொறுமை இழந்து மேஜையைத் தட்டினார்.

"புருஷனும் பொண்டாட்டியும் சட்டத்துக்கு ஒரே ஆள்தான்! பேசாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டுப் பாதி பாதி எடுத்துத் தொலைங்க!"

எல்லோரும் சிரித்தோம். அந்த இருவரும் சிரிக்கவில்லை.

டெல்பெர்ட் காது வரை சிவந்து, தொப்பியைக் கையில் சுருட்டினார். "ஊருக்காகன்னா... எனக்கு ஆட்சேபணை இல்லே. லவோனுக்குத்தான் கஷ்டம்."

லவோன் பெருமூச்சு விட்டார். "ஊருக்காகன்னா என்ன பண்றது? பொறுத்துக்க வேண்டியதுதான்."

ஐரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாதிரியார் எழுந்து, புதன்கிழமை சர்ச் காலியாகத்தான் இருக்கிறது என்றார். சற்று முன் ஏசிய வாயெல்லாம் இப்போது வாழ்த்தியது. இப்படி ஒரு தியாகத்தை யார் செய்வார்கள்?

கூட்டம் கலைந்ததும் கெண்ட்ரா, லவோனைச் சமையலறையில் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க இது? போன வாரம் போன் பண்ணிக் கேட்டீங்களே, சொன்னேனே! புருஷன் பொண்டாட்டி மட்டும் இல்லே. அண்ணன் தம்பி, சித்தப்பா பசங்க, பேரன் பேத்தி எல்லாருமே சட்டத்துக்கு ஒரே ஆள். இந்த ஊர்ல பாதிப் பேர் ஒரே தாத்தா வம்சம். கூட்டிப் பார்த்தா அறுபது பேர்கூடத் தேறாது. நீங்க ரெண்டு பேரும் தாராளமா ஆளுக்குப் பாதி வாங்கலாம். கல்யாணமே வேணாமே!"

லவோன் கதவைச் சாத்தினார்.

"கொஞ்சம் மெதுவாப் பேசும்மா. புதன்கிழமை முடியற வரைக்கும் வாயைத் திறக்காதே."

கெண்ட்ரா வெளியே வந்தாள். அவள் கார்க் கண்ணாடியில் படிந்திருந்த பனியை டெல்பெர்ட் சுரண்டிக்கொண்டிருந்தார்.

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

"நான் போன்ல கேட்டப்போ அந்தத் தாத்தா வம்சக் கணக்கைச் சொன்னியே... அது லவோனுக்குத் தெரிய வேணாம்மா. பாவம், ஊருக்காகத்தான் ஒத்துக்கிட்டிருக்கா."